வேலைக்குப் போய்க்கிட்டே படிக்கிறவங்க போன்ல என்னென்ன ஆப் வெச்சுக்கலாம்?

நீங்க கேட்டிருக்கறது இது. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கீங்க, காலைல ஒன்பதரைக்கு உள்ள போனா வெளிய வர ஏழரை, அவிநாசிலருந்து பஸ்ல போய்ட்டு வரீங்க, ராத்திரி டிஎன்பிஎஸ்சி குரூப் 2-க்குப் படிக்கிறீங்க, வீட்ல அம்மாவோட மாத்திரை, ஈபி பில்லு எல்லாம் உங்க பொறுப்பு, இதுல டைம் மிச்சமாகற மாதிரி பத்து ஆப் சொல்லுங்கன்னு. ஆனா கடைசில ஒரு வரி எழுதியிருக்கீங்க, "எதப் போட்டாலும் நாலு நாள்தான், அப்புறம் தொறக்கறதே இல்ல"ன்னு. எனக்கு அதுதான் நிஜமான கேள்வியாப் படுது. பத்து ஆப் லிஸ்ட் எங்க தேடினாலும் கெடைக்கும், நாப்பது ஆப் ஏற்கனவே உங்க போன்ல இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அதனால அஞ்சாவது நாளும் உங்களுக்கு வேலை செய்யறது எதுன்னு எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுமையா படிங்க.

நான் டிப்ளமோ முடிச்சுட்டு கோயமுத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில வேலை பாத்துக்கிட்டே சாயந்தர காலேஜ்ல பார்ட் டைம் பி.இ. படிச்சவன். ஆறரை மணி கிளாஸ், ஒன்பதரைக்கு முடியும், அதுக்கப்புறம் சாப்பாடு, பஸ், அசைன்மென்ட். இப்போ சில வருஷமா ஆண்ட்ராய்டு ஆப் எழுதறதும் டெஸ்ட் பண்றதும்தான் வேலை. அதனால களைச்சுப் போய் வீட்டுக்கு வர்ற ஆளோட பக்கமும் தெரியும், ஆப் செய்யறவங்க பக்கமும் தெரியும். ஆனா குரூப் 2 நான் எழுதினதில்ல. எந்தப் புக்கு, கட் ஆஃப் எவ்ளோ, மெயின்ஸ் எப்படி எழுதறது, இதெல்லாம் பாஸ் பண்ணி வேலைல இருக்கறவங்க கிட்டதான் கேக்கணும், அதுல நான் கை வெக்கல.

மொதல்ல ஒண்ணு. ஆப்ல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நீங்க தெனமும் அதுக்குத் தீனி போட்டுக்கிட்டே இருக்கணும்: காலைல பிளான் எழுதணும், முடிச்சத டிக் பண்ணணும், கலர் குடுக்கணும், ஞாயித்துக்கிழமை ரிவ்யூ பண்ணணும். நோஷன்ங்கற நோட்ஸ் ஆப்ல அழகா ஒரு டாஷ்போர்டு செய்யறது, ஹாபிட் டிராக்கர், டைம் டிராக்கர் எல்லாம் இந்த வகை. இன்னொண்ணு, ஒரு தடவ சொல்லிட்டா நீங்க மறந்தாலும் அது மறக்காம இருக்கும். ஷிப்மென்ட் நெருக்கடில ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்த அன்னிக்கு மொத வகை ஆப்ப நீங்க தொறக்க மாட்டீங்க, ரெண்டு நாள் விட்டா அதுல ஓட்டை விழுந்துடும், அந்த ஓட்டையப் பாக்கவே மனசு வராது, அதோட முடிஞ்சுது. நாலு நாள் கதை இப்படித்தான் நடக்குது, உங்க சோம்பேறித்தனம் இல்ல. அதனால எந்த ஆப் போடறதுக்கு முன்னாடியும் நான் ஒரே கேள்விதான் கேப்பேன், நான் ரொம்பக் களைச்சுப் போன நாள்ல இது எனக்கு வேலை செய்யுமா, இல்ல நான் இதுக்கு வேலை செய்யணுமா.

இந்தக் கேள்விக்கு மொத பதில் காலண்டர். போன்லயே இருக்கற கூகுள் காலண்டர் போதும், புதுசா எதுவும் வேண்டாம். தேதி இருக்கற எல்லாம் அதுக்குள்ள போகட்டும், மண்டைல வெச்சுக்காதீங்க. ஈபி பில்லு நம்ம ஊர்ல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, அத ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா திரும்ப வர்ற மாதிரி போட்டுட்டா முடிஞ்சுது. டிஎன்பிஎஸ்சில ஒன் டைம் ரெஜிஸ்ட்ரேஷன் 150 ரூபா கட்டிப் பண்ணியிருப்பீங்க, அது அஞ்சு வருஷம்தான் செல்லும், முடியற தேதிக்கு ஒரு மாசம் முன்னாடி ஒரு ரிமைண்டர் போடுங்க, நோட்டிபிகேஷன் வந்து அப்ளை பண்ண உக்காந்தப்புறம் அது காலாவதியாகி இருக்கறதப் பாத்தா டென்ஷன்தான். கடைசி தேதின்னு எது வந்தாலும் நான் அந்தத் தேதியப் போடறதில்ல, மூணு நாள் முன்னாடி தேதியத்தான் கடைசி தேதின்னு போடுவேன், ஏன்னா கடைசி நாள் சாயந்தரம் எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள வர்றப்போ சைட்டும் திணறும், பேமென்ட்டும் நடுவுல தொங்கும். ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ரிமைண்டர் வைங்க, ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடி, ஒண்ணு அன்னிக்கு நீங்க ஃப்ரீயா இருக்கற நேரத்துல. பையர் கூட மீட்டிங்ல இருக்கறப்போ அடிச்சா தள்ளி விட்டுட்டு மறந்துடுவீங்க, அதனால நேரம் முக்கியம், பஸ்ல உக்காந்திருக்கற நேரமாப் பாத்து வைங்க.

அம்மா மாத்திரைக்கு உங்க போன்ல ரிமைண்டர் வேண்டாங்க. நீங்க ஃபேக்டரி சத்தத்துல இருப்பீங்க, பாத்துட்டுப் போன் பண்ணணும், அவங்க எடுக்கணும், நடுவுல நூறு தடங்கல். அவங்க போன்லயே கிளாக் ஆப்ல அலாரம் வைங்க. ஒரு சின்ன விஷயம் சொல்றேன், எங்க வீட்ல இது நல்லா வேலை செஞ்சுது: ரெக்கார்டர்ல உங்க கொரல்லயே "அம்மா, சாப்பிட்டுட்டு சுகர் மாத்திர போட்டுக்கோங்க"ன்னு பேசி, அந்த ஆடியோவ அலாரம் டோனா வெச்சுடுங்க. பெரும்பாலான கிளாக் ஆப்ல டோன் செலக்ட் பண்ற எடத்துல போன்ல இருக்கற ஃபைல எடுத்துக்கலாம். ஸ்கிரீன்ல எழுத்தப் படிக்க வேண்டியதில்ல, கண்ணாடி தேட வேண்டியதில்ல, கொரல் கேட்டாலே போதும்.

இப்போ நான் ரொம்ப அழுத்திச் சொல்ல நெனக்கிற விஷயத்துக்கு வரேன், ஏன்னா ஆப் லிஸ்ட் எழுதறவங்க பெரும்பாலும் இதச் சொல்றதில்ல. ரிமைண்டர் ஆப் போட்டும் அடிக்கவே இல்லன்னு நெறைய பேர் சொல்லுவாங்க. எனக்கே நடந்திருக்கு, ஆறாவது செமஸ்டர் எக்ஸாம் ஃபீஸ் கட்ட வேண்டிய நாள் ரிமைண்டர் வெச்சிருந்தேன், அது அடிச்சது மறுநாள் காலைல நான் போன எடுத்து ஸ்கிரீன ஆன் பண்ணப்புறம்தான். ஃபைன் கட்டினேன். அப்போ ஆப்பத் திட்டிட்டு வேற ஆப் போட்டேன், அதுவும் அப்படித்தான். பின்னாடி இந்த வேலைக்கு வந்தப்புறம்தான் காரணம் புரிஞ்சுது. 2015ல வந்த ஆண்ட்ராய்டு 6லருந்து டோஸ்னு ஒண்ணு இருக்கு, போன் சும்மா கெடந்தா, ஸ்கிரீன் ஆஃப்ல இருந்தா, சார்ஜ்ல இல்லன்னா, பேட்டரி மிச்சம் பண்றதுக்காக பின்னாடி ஓடற ஆப்ப எல்லாம் தூங்க வெச்சுடும், அப்பப்போ கொஞ்ச நேரம் எழுப்பி விடும். ஆப் சரியான நேரத்துக்கு எழுப்புன்னு முறையாக் கேட்டிருந்தா எழுப்பும், ஆப் எழுதினவங்க அதச் சரியாச் செய்யலன்னா லேட்டாகும். இதுக்கு மேல சில போன் கம்பெனிங்க தங்களோட சொந்த பேட்டரி சேவர் ஒண்ணு சேத்து வெச்சிருக்காங்க, அது இன்னும் கடுமை, ரீசன்ட்ஸ்ல, அதாவது கடைசியாத் தொறந்த ஆப்புங்க வரிசையா நிக்கற எடத்துல, ஆப்பத் தள்ளி விட்டா மொத்தமா நிறுத்திடும், அதோட ரிமைண்டரும் போச்சு.

அப்புறம் 2022ல வந்த ஆண்ட்ராய்டு 13லருந்து புதுசாப் போடற ஆப் நோட்டிபிகேஷன் காட்டறதுக்கே உங்க கிட்ட பர்மிஷன் கேக்கணும், அவசரத்துல வேண்டாம்னு அமுத்தியிருப்பீங்க. சொன்ன நிமிஷத்துல அடிக்கறதுக்குன்னு தனியா "அலாரம்ஸ் அண்ட் ரிமைண்டர்ஸ்"னு ஒரு பர்மிஷன் ஆண்ட்ராய்டு 12லயே வந்துடுச்சு, ஆண்ட்ராய்டு 14ல இன்னும் ஒரு படி, கிளாக், காலண்டர் மாதிரி ஆப் தவிர புதுசாப் போடற மத்ததுக்கு அது பெரும்பாலும் ஆஃப்லதான் இருக்கும். அதனால நீங்க நம்பி இருக்கற ஆப் எதுவோ அதோட ஐகான அமுத்திப் புடிச்சு ஆப் இன்ஃபோ போங்க, மூணு எடம் பாருங்க: நோட்டிபிகேஷன் ஆன்ல இருக்கா, பேட்டரில "அன்ரெஸ்ட்ரிக்டட்"னு இருக்கா, அலாரம் பர்மிஷன் ஆன்ல இருக்கா. சில போன்ல "ஆட்டோ ஸ்டார்ட்"னு தனியா ஒண்ணு இருக்கும், அதையும் ஆன் பண்ணுங்க. பண்ணிட்டு டெஸ்ட் பண்ணுங்க, அஞ்சு நிமிஷம் கழிச்சு அடிக்குதான்னு பாக்கறது டெஸ்ட் இல்ல, அப்போ போன் முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். ராத்திரி சார்ஜ் போடாம, தொடாம வெச்சுட்டு விடிகாலை நாலரைக்கு ஒண்ணு வைங்க, எழுந்தப்புறம் நோட்டிபிகேஷன்ல அது வந்த நேரம் என்னன்னு பாருங்க. நாலரைன்னு இருந்தா நம்பலாம். தவறவே கூடாத விஷயத்துக்கு, பரீட்சை அன்னிக்குக் காலைல எந்திரிக்கறதுக்கு, போனோட வந்த கிளாக் ஆப் அலாரம்தான், வேற எதுவும் வேண்டாம், ஏன்னா அதுக்கு இந்தத் தூக்கத்துலருந்து விலக்கு இருக்கு. ஐபோன்ல இந்த பேட்டரி தொல்லை இவ்ளோ இல்ல, அங்க ஃபோகஸ் மோட் ஆன்ல இருந்து நோட்டிபிகேஷன மறைச்சுடும், அத மட்டும் பாத்துக்கங்க.

காலண்டருக்கு அடுத்து, ரெண்டாவது ஆப் ஆன்கி. படிக்கறதுக்குன்னு ஒரே ஒரு ஆப்தான் சொல்லலாம்னா நான் இதத்தான் சொல்லுவேன். ஜப்பான் மொழில மனப்பாடம்னு அர்த்தம், ஆண்ட்ராய்டுல ஆன்கிட்ராய்ட்னு தேடுங்க, முழுசும் இலவசம், விளம்பரம் கெடயாது, ஐபோன்ல மட்டும் காசு. இதே பேர் சாயல்ல சந்தா கேக்கற வேற ஆப்புங்க இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, பாத்து எடுங்க. வேலை ரொம்ப சிம்பிள், முன்னாடி கேள்வி பின்னாடி பதில்னு ஒரு அட்டை, நீங்க மனசுல பதில் சொல்லிட்டுத் திருப்பிப் பாக்கணும், சுலபமா வந்துதா கஷ்டப்பட்டுதா வரவே இல்லயான்னு அமுத்தினா, மறக்கப் போற சமயமாப் பாத்து அதுவே திரும்பக் கொண்டாந்து நீட்டும். ஞாபகம் இருக்கறது பத்து நாள், ஒரு மாசம், மூணு மாசம்னு தள்ளிப் போகும், வராதது நாளைக்கே வரும். எத எப்போ ரிவிஷன் பண்றதுன்னு நீங்க யோசிக்கவே வேண்டாம், மேல நான் சொன்ன ரெண்டாவது வகை ஆப் இது.

இதுக்குப் பின்னாடி இருக்கற ஆராய்ச்சி உறுதியானது, இதுல எனக்கு சந்தேகமே இல்ல. எப்பிங்ஹாஸ்ங்கற ஜெர்மன்காரர் 1885லயே அர்த்தமில்லாத அசைகளத் தானே மனப்பாடம் பண்ணி எவ்ளோ வேகமா மறக்குதுன்னு அளந்து வெச்சார். 2006ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு பேர் அமெரிக்கால காலேஜ் பசங்கள வெச்சு ஒண்ணு பண்ணாங்க, ஒரு குரூப் பாடத்தத் திரும்பத் திரும்பப் படிச்சுது, இன்னொரு குரூப் ஒரு தடவ படிச்சுட்டு மூடி வெச்சு ஞாபகத்துலருந்து எழுதிப் பாத்துது. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கேட்டப்போ திரும்பத் திரும்பப் படிச்சவங்கதான் முன்னாடி, ஒரு வாரம் கழிச்சுக் கேட்டப்போ எழுதிப் பாத்தவங்க முன்னாடி. நாம படிச்ச அன்னிக்கு ராத்திரி எல்லாம் தெரியற மாதிரி இருந்து ஹால்ல வராம போறது இதனாலதான். மஞ்சள் ஹைலைட்டர் போட்டு அஞ்சு தடவ வாசிக்கறதவிட மூடி வெச்சு ரெண்டு தடவ கேட்டுப் பாக்கறது நிக்கும்.

ஆனா ஆன்கிய நாலு நாள்ல விடறதுக்கும் காரணம் இருக்கு, நானும் மொத தடவ விட்டேன். ஒண்ணு, அதுவா ஒரு நாளைக்கு 20 புது அட்டைன்னு வெச்சிருக்கும். இருபதுதானேன்னு தோணும், ஒரு மாசம் போனா புதுசு இருபதோட பழசு நூத்தம்பது சேந்து நிக்கும், கல்யாண வீட்டுக்கு ரெண்டு நாள் போய்ட்டு வந்தா முந்நூறு. உங்க மாதிரி வேலைக்குப் போறவங்களுக்கு நாளைக்கு எட்டு, அதிகம் போனா பத்து, அவ்ளோதான் வைங்க. வேலை நெருக்கடி வர்ற வாரம் புது அட்டைய பூஜ்ஜியமாக்கிட்டுப் பழச மட்டும் பாருங்க. செட்டிங்ஸ்ல எஃப்எஸ்ஆர்எஸ்னு ஒண்ணு இருக்கும், 2023ல சேத்த புதுக் கணக்கு முறை, அத ஆன் பண்ணிக்கங்க, தேவையில்லாம திரும்ப வர்றது கொறையும்.

ரெண்டாவது காரணம், அட்டைல ஒரு பக்கம் பூராவும் எழுதறது. ஒரு அட்டைக்கு ஒரே விஷயம்தான். அவசரநிலை பத்தி மூணு ஆர்டிகிள் இருக்குன்னா, 352 என்ன, 356 என்ன, 360 என்னன்னு தனித்தனியா மூணு. கொழம்பற ஜோடிய ஒண்ணையொண்ணு எதிர்ல வெச்சுக் கேளுங்க, 1919 சட்டத்துல இரட்டை ஆட்சி மாகாணத்துலயா மத்தியிலயா, 1935ல எங்க. இந்த ஒரு அட்டை எத்தன பேருக்கு ஒரு மார்க்கக் காப்பாத்தியிருக்கும்னு தெரியல, பசங்களுக்கு டியூஷன் எடுக்கற என் தங்கச்சி இத அடிக்கடி சொல்லும். மூணாவது, வேற யாரோ செஞ்ச ஆயிரம் அட்டைய டவுன்லோட் பண்றது. உங்களுக்குப் புரியாத ஒண்ண மனப்பாடம் பண்ண வெக்கும், ரெண்டு வாரத்துல வெறுத்துடும். ஸ்கூல் புக் படிக்கறப்போ எங்க தடுக்குதோ அத நீங்களே அட்டையாக்குங்க, ஆக்கறதுலயே பாதி படிச்ச மாதிரி. தமிழ்ல டைப் பண்றது லேட்டாகுதுன்னா ஜிபோர்டுல, அதாவது கூகுள் கீபோர்டுல, மைக்க அமுத்திப் பேசுங்க, 2017லருந்தே தமிழ் வாய்ஸ் டைப்பிங் இருக்கு, நல்லாவே எடுக்குது, பேர், வருஷம் மட்டும் ஒரு தடவ சரி பாருங்க. அட்டை செய்யறது வீட்ல, பாக்கறது பஸ்ல, நெட் இல்லாமயும் ஓடும், ஒரு கைல கம்பியப் புடிச்சுக்கிட்டே இன்னொரு கை கட்ட விரலால முடிச்சுடலாம்.

இதுக்கு எல்லையும் இருக்கு. பிரிலிம்ஸ் 200 கேள்வில 25 கணக்கு, ரீசனிங். அது அட்டைல வராது, பேப்பர் பேனா எடுத்துப் போட்டுப் பழகணும். மெயின்ஸ்ல விரிவா எழுதறதுக்கும் ஆன்கி ஒதவாது. சட்டம், வருஷம், ஆறு, அணை, யார் எத நிறுவினாங்க, இலக்கணத்துல பேர் பேரா வர்றது, இதுக்குத்தான் அது.

நோட்ஸ் எதுல எழுதறதுங்கறதுல நான் உங்கள ஒரு குறிப்பிட்ட ஆப்புக்குத் தள்ள மாட்டேன், ஒரு எச்சரிக்கை மட்டும். ஆப்புங்க சாகும். வுண்டர்லிஸ்ட்னு லட்சக்கணக்கான பேர் நம்பின டூ-டூ லிஸ்ட் ஆப் 2020ல மூடினாங்க. எவர்நோட்ல இலவசக் கணக்குக்கு 50 நோட்டுதான்னு 2023ல திடீர்னு கட்டு போட்டாங்க. படிக்கறதுக்குக் கட்டுரை சேத்து வெக்கற பாக்கெட் 2025 ஜூலைல நின்னு போச்சு. என்னோட ரெண்டு வருஷ நோட்ஸ் இப்படி ஒரு ஆப்போட போச்சு, மூடப் போறோம்னு அவங்க அனுப்பின மெயில் நான் பாக்காத பழைய ஐடிக்குப் போயிருந்துது, தெரியறப்போ சர்வர் இல்ல. தெர்மோடைனமிக்ஸ் பூராவும் அதுல இருந்துது, திரும்ப எழுதினேன். அதனால எதுல எழுதினாலும் மொத நாளே "எக்ஸ்போர்ட்"னு ஒண்ணு இருக்கான்னு தேடுங்க, பண்ணிப் பாருங்க, வர்ற ஃபைல் வேற எதுலயாவது தொறக்குதான்னு பாருங்க. கூகுள் கீப்ல எழுதறீங்கன்னா கூகுள் டேக்அவுட்ங்கற வசதி மூலமா மொத்தமா எடுக்கலாம். அப்சிடியன் மாதிரி சிலது உங்க போன்லயே சாதாரண டெக்ஸ்ட் ஃபைலா வெக்கும், அந்த ஆப் நாளைக்கு இல்லன்னாலும் எழுத்து உங்களோடது. பேப்பர் நோட்டுல எழுதறது உங்களுக்குப் பழக்கம்னா அதையே எழுதுங்க, மாத்தவே வேண்டாம், வாரம் ஒரு தடவ கூகுள் டிரைவ்ல இருக்கற ஸ்கேன் பட்டன அமுத்திப் படமெடுத்து பிடிஎஃப்பா போட்டு வைங்க. ஸ்கேனருக்குன்னு தனி ஆப் தேவையில்ல. கேம்ஸ்கேனர 2019ல எல்லாரும் வெச்சிருந்தோம், அதோட ஆண்ட்ராய்டு வெர்ஷன்ல மால்வேர் இருக்கறத அந்த வருஷமே கண்டுபிடிச்சாங்க, அடுத்த வருஷம் இந்தியால தடை பண்ண 59 ஆப்ல அதுவும் ஒண்ணு. எத்தன பேரோட ஆதார், மார்க்‌ஷீட் அதுல இருந்துதுன்னு நெனச்சா வருத்தமாத்தான் இருக்கு.

சர்டிபிகேட்டுக்கு அரசாங்கத்தோட டிஜிலாக்கர் ஆப் கண்டிப்பா வெச்சுக்கங்க. ஆனா அதுல ஒரு நுணுக்கம் பல பேருக்குத் தெரியறதில்ல. உள்ள ரெண்டு பகுதி இருக்கு, "இஷ்யூட்"னு ஒண்ணு, நீங்களே ஏத்தற "டிரைவ்"னு ஒண்ணு. இஷ்யூட்ல இருக்கறது போர்டோ டிபார்ட்மென்ட்டோ நேரா அனுப்பினது, ஐடி சட்டத்துக்குக் கீழ வர்ற விதிப்படி ஒரிஜினலுக்குச் சமம். நீங்க போட்டோ எடுத்து ஏத்தினது வெறும் ஜெராக்ஸ் மாதிரிதான், அந்த மதிப்பு அதுக்கில்ல. அதனால பத்தாவது, பன்னெண்டாவது மார்க்‌ஷீட், லைசென்ஸ் எல்லாம் அதுக்கதுக்கு உண்டான நம்பரப் போட்டு இஷ்யூட் பக்கத்துல வரவெச்சுக்கங்க. அதுக்காக ஒரிஜினல வீட்ல அசால்ட்டா வெச்சுடாதீங்க, சர்டிபிகேட் வெரிபிகேஷன்ல பேப்பரக் கேப்பாங்க. பிஎஃப் பாஸ்புக் பாக்க உமாங்னு இன்னொரு அரசாங்க ஆப் இருக்கு, ஆறு மாசத்துக்கு ஒரு தடவ கம்பெனி ஒழுங்காக் கட்டுதான்னு பாக்கறதுக்கு ஆகும். ரயில்ல போறீங்கன்னா 2025ல வந்த ரயில்ஒன்ல அன்ரிசர்வ்டு, ரிசர்வ்டு ரெண்டும் ஒண்ணாவே எடுக்கலாம், பழசு ரெண்டு மூணு ஆப்ப எடுத்துடலாம்.

திடீர்னு ஞாபகம் வர்ற விஷயத்த எங்க குறிக்கறதுன்னு கேட்டிருந்தீங்க. வாட்ஸப்ல உங்களுக்கே மெசேஜ் அனுப்பற வசதி இருக்கு, அத மேல பின் பண்ணி வைங்க. புது ஆப் தொறக்கற பழக்கம் வரவே வேண்டாம், ஏற்கனவே ஒரு நாளைக்கு அம்பது தடவ தொறக்கறதுதானே. "நூல் சாம்பிள் கேக்கணும்", "பிரம்மபுத்ரா கிளை நதி டவுட்", எல்லாம் அங்க கொட்டுங்க, ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், தேதி இருக்கறது காலண்டருக்கு, படிக்க வேண்டியது அட்டைக்கு, மிச்சத்த அழிச்சுடுங்க. ஒரு நாள் விட்டாலும் ஒண்ணும் ஆகாது, அங்கயே கெடக்கும். ஸ்டடி குரூப் பதினஞ்சுல இருக்கேன்னு சொல்றீங்க, ரெண்ட வெச்சுக்கிட்டு மிச்சத்த ஆர்க்கைவ்ல போடுங்க. டெலிகிராம் சேனல்ல பிடிஎஃப் எறக்கறதும் அப்படித்தான், எறக்கறப்போ படிச்ச திருப்தி வருது, ஸ்டோரேஜ் நெறையுது. ஆறாவதுலருந்து பன்னெண்டாவது வரைக்கும் ஸ்கூல் புக்கு பாடநூல் கழகமே இலவசமா ஆன்லைன்ல வெச்சிருக்கு, அத வெச்சே ஆரம்பிங்க.

இதுவரைக்கும் சொன்னது நான் உறுதியாச் சொல்லக்கூடியது. இப்போ சொல்லப் போறது அப்படியில்ல. கவனம் சிதறாம இருக்க வெக்கற ஆப்புங்க, மரம் வளக்கற ஃபாரஸ்ட், 25 நிமிஷம் படிச்சு 5 நிமிஷம் ஓய்வு எடுக்கற பொமோடோரோ டைமருங்க. அந்த 25 நிமிஷம் 1980கள்ல பிரான்செஸ்கோ சிரிலோங்கற இத்தாலிக்காரர் காலேஜ் படிக்கறப்போ தக்காளி வடிவ கிச்சன் டைமர வெச்சு தனக்குத்தானே வகுத்துக்கிட்டது, அந்த எண்ணுல மந்திரம் எதுவும் இல்ல. ஆரம்பிக்கவே மனசு வராத நாள்ல "சரி, 25 நிமிஷம்தானே"ன்னு உக்கார வெக்கும், அதுக்கு நல்லது. கணக்கு நல்லா ஓடிக்கிட்டிருக்கறப்போ மணி அடிச்சு எழுப்பி விட்டா எனக்கு எரிச்சல்தான் வரும். அதுக்கு போன் டைமரே போதும். போன் மேஜைல சும்மா இருந்தாலே மூளையோட திறன் கொறையுதுன்னு 2017ல டெக்சஸ் யுனிவர்சிட்டி ஆய்வு ஒண்ணு பிரபலமாச்சு, பின்னாடி வேற ஆட்கள் அதே மாதிரி பண்ணிப் பாத்தப்போ அந்த முடிவு எல்லாருக்கும் வரல, அதனால அத வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். ஆனா கைக்கெட்டற தூரத்துல இருந்தா எடுத்துடுவோம், அதுக்கு ஆய்வு தேவையில்ல. நான் படிக்கறப்போ போன சமையலறைல ஃபிரிட்ஜு மேல வெச்சுடுவேன், ஆப் டைம் லிமிட் வெச்சப்போ ஒரே வாரத்துல "இன்னும் 15 நிமிஷம்"னு அமுத்தப் பழகிட்டேன், எழுந்து போய் எடுக்கறதுக்கு அந்தப் பழக்கம் வரல. உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம், ரெண்டையும் பாருங்க.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ ஆப்பு பத்தியும் கேட்டீங்க. புரியாத பாடத்த எளிமையா வெளக்கச் சொல்ல, நீங்க எழுதின பதில்ல என்ன விட்டுப் போச்சுன்னு கேக்க நல்லா ஒதவுது. ஆனா ஆர்டிகிள் நம்பர், வருஷம், கமிட்டி பேர் இதெல்லாம் தப்பா இருந்தாலும் சரியா இருக்கற அதே தைரியத்தோட சொல்லும், தமிழ்ல கேட்டா இன்னும் கூடுதலாத் தடுமாறுதுங்கறது என் அனுபவம். அது சொன்னத ஸ்கூல் புக்குல பாக்காம அட்டைல ஏத்தாதீங்க, ஏன்னா ஆன்கி தப்பையும் அதே அக்கறையா மனப்பாடம் பண்ண வெச்சுடும்.

பர்மிஷன் விஷயத்துல மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். டைம்டேபிள் ஆப் எதுக்கு உங்க கான்டாக்ட்ஸக் கேக்குது, எஸ்எம்எஸ் எதுக்குக் கேக்குதுன்னு நில்லுங்க. கோச்சிங் ஃபீஸுக்கு அவசரம்னு லோன் ஆப் பக்கம் போகாதீங்க, கடன் குடுக்கற ஆப் உங்க கான்டாக்ட்ஸ், கால் லிஸ்ட், போட்டோவத் தொடவே கூடாதுன்னு 2022லயே ரிசர்வ் பேங்க் விதி போட்டிருக்கு, கேக்குதுன்னாலே அது சரியான ஆளில்லன்னு அர்த்தம். ஏற்கனவே மாட்டிக்கிட்டவங்க யாராவது இதப் படிச்சா சைபர் கிரைம் உதவி எண் 1930க்குக் கூப்பிடுங்க, வெக்கப்பட வேண்டியது நீங்க இல்ல. அப்புறம் *#06# அடிச்சா உங்க போனுக்குன்னே இருக்கற ஐஎம்இஐ நம்பர் வரும், அத ஒரு பேப்பர்ல எழுதி வீட்ல வைங்க, பஸ்ல போன் போச்சுன்னா சஞ்சார் சாத்திங்கற அரசாங்க சைட்ல அந்த நம்பரக் குடுத்துத்தான் பிளாக் பண்ண முடியும், போன்லயே எழுதி வெச்சு பிரயோஜனமில்ல.

ஆக உங்களுக்குன்னு நான் சொல்றது காலண்டர், கிளாக், ஆன்கிட்ராய்ட், டிரைவ், டிஜிலாக்கர், ஏற்கனவே இருக்கற வாட்ஸப். புதுசா எறக்க வேண்டியது ஒண்ணோ ரெண்டோதான் வரும். எல்லாத்தையும் ஒரே நாள்ல ஆரம்பிக்காதீங்க. இந்த ஞாயித்துக்கிழமை காலண்டர்ல தேதிகள மட்டும் ஏத்திட்டு அந்த நாலரை மணி டெஸ்ட்டப் பண்ணுங்க, ரெண்டு வாரம் அது ஓடட்டும், அப்புறம் ஆன்கிய எட்டு அட்டையோட தொடங்குங்க. டெஸ்ட்ல லேட்டா அடிச்சுதுன்னா போன் மாடலும் ஆண்ட்ராய்டு எத்தனாவது வெர்ஷன்னும் கீழ எழுதுங்க, அந்த பேட்டரி செட்டிங் உங்க போன்ல எந்த எடத்துல ஒளிஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்றேன்.